ஆள் எழும்பிப்போன இடம்

அக்காவின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் வருவதில்லை. கைதான் வருகிறது. நகக்கண்களில் கழுவியும் போகாத நீலம். அந்தக் கை என் முன்னால் நீண்டு, காற்றை மெல்லக் கீழே அழுத்துவதுபோல ஒரு சைகை செய்கிறது.

"மெதுவா எழும்புங்கோ தம்பி. கதிரையை இழுக்காதேங்கோ."

அவர் வீட்டுக்குப் போய்த் திரும்புகிற எவருக்கும் கிடைக்கும் வழியனுப்பல் அதுதான். நாங்கள் சப்பாத்தை மாட்டி முடிப்பதற்குள் அவர் கமராவோடு கதிரைக்கு முன்னால் குந்திவிடுவார். நாம் இருந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலெழும்பி, மெத்தைத் துணி பழையபடி சமமாகும்வரை நிமிர்ந்து பார்க்கமாட்டார். "போட்டு வாறம் அக்கா" என்றால், கதிரையைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம்" என்பார்.

என் மனைவி சுகந்திக்கு இது பிடிக்காது. "அவவின்ர வீட்டிலை இருந்தா எழும்ப விசா எடுக்க வேணும்," என்பாள். படி இறங்கும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்வாள். "ஆளைப் பாக்காம ஆள் இருந்த இடத்தைப் பாக்கிறது என்ன பழக்கமப்பா? எனக்கெண்டா நெஞ்சு கூசுது."

நாங்கள் அப்போது கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றுதட்டு வீட்டின் நடுத்தட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்கா எங்களுக்கு மேலே, தனியாக. சொந்தமில்லை, எல்லோருக்கும் அவர் அக்காதான். குளிர்காலத்தில் ஜன்னல்களெல்லாம் பூட்டிக் கிடக்கும். எங்கள் மீன்பொரியல் மணமும் அவர் சாயம் கரைக்கிற ரேப்பன்ரைன் மணமும் படிக்கட்டின் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். அவர் நவீன ஓவியர். உருவங்கள் இல்லாத அரூப ஓவியங்கள். புகைப்படக்காரரும்கூட. எங்கள் சனத்துக்கு "படம் கீறுறவ" என்று சொன்னால் விளங்கிவிடும். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: "என்னத்தைக் கீறுறவ?" அதற்குத்தான் பதில் சொல்ல வராது.

ஆள் எழும்பிப்போன இடங்களை. அவ்வளவுதான். தலையணையில் தலை கிடந்த குழி. பஸ் ஜன்னலில் யாரோ நெற்றியைச் சாய்த்துத் தூங்கியதால் உறைபனி உருகிய வட்டம். இரவு முழுக்கப் பனி கொட்டிய தெருவில், காலையில் கார் ஒன்று கிளம்பிப் போனதும் வெள்ளைக்கு நடுவே கறுப்பாக மிஞ்சுகிற நீள்சதுரம். அந்தக் கறுப்புக்காகக் குளிரங்கியின்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் காத்து நிற்பார். நான் வேலைக்குக் காரை எடுத்துப் போகும்போது பின்கண்ணாடியில் தெரியும். என் கார் விட்டுப்போன இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன உருவம், மூலஸ்தானத்துக்கு முன் நிற்பதுபோல அசையாமல். பனி அவர் தலையிலும் விழுந்துகொண்டிருக்கும்.

முதலில் புகைப்படம். அதைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் குத்துவார். பிறகு தலைகீழாகக் குத்துவார், பக்கவாட்டாகக் குத்துவார். கதிரை கதிரையாகத் தெரியாமல் போகும்வரை திருப்பிக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகுதான் கன்வஸ். சாயத்தைத் தடிப்பாகப் பூசிவிட்டு, காலாவதியான பஸ் அட்டைகளால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். பூசியது கொஞ்ச நேரம் என்றால் சுரண்டியது நாள்கணக்கு. கீழே எங்கள் படுக்கையறையில் அந்தச் சத்தம் கேட்கும். கூரையில் யாரோ மிக மெதுவாக எதையோ யோசிப்பதுபோல.

"பூசிறது ஆருக்கும் ஏலும் தம்பி. எவ்வளவை எடுக்கிறதெண்டதுதான்..." என்று ஒருமுறை தொடங்கினார். வசனத்தை முடிக்கவில்லை. அவருடைய வசனங்களில் பாதி அப்படித்தான், எழுந்து போய்விடும்.

சீவியத்துக்கு அவர் செய்த வேலை இதற்கு நேர் எதிரானது. ஒரு மருந்துக்கடையின் மூலையில் கடவுச்சீட்டுப் படம் எடுத்தார். எங்கள் பகுதித் தமிழ்ச்சனத்தின் முகங்கள் அநேகமாக எல்லாமே அந்தக் கமராவுக்குள்ளால் போயிருக்கின்றன. ஸ்பொன்சரில் வந்திறங்கிய மாமிமார், பிறந்து நாற்பது நாளான குழந்தைகள், முதல்முறை ஊருக்குப் போக நிற்கிற இளந்தாரிகள். சிரிக்கக்கூடாது, பல்லுத் தெரியக்கூடாது, காது தெரியவேண்டும். "நாள் முழுக்க முகந்தான் பாக்கிறன். வீட்டிலையும் முகமே?" என்று சலித்துக்கொள்வார்.

அதற்கு முன்பு, பிலிம் சுருள் காலத்தில், அதே கடையில் சனங்களின் படங்களைக் கழுவிக் கொடுத்தவர். கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு. சுருளில் ஒரேயொரு படம் மிஞ்சினால், கழுவக் கொடுக்கிற அவசரத்தில் எல்லோரும் எதையாவது சும்மா அமத்தி முடித்துவிடுவோம். வெறும் கதிரை, தரை, கேக் வெட்டி முடிந்த மேசை. "இது பிழையா விழுந்திட்டுது, வேண்டாம்" என்று சனம் அந்தக் கடைசிப் படத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகும். அக்கா அவற்றை எறியவில்லை. சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருந்தார்.

என் மகள் மயூரி சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அந்தப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து விளையாடுவாள்.

"அன்ரி, இதிலை ஒருத்தரும் இல்லையே?"

"ஏனில்லை? வடிவாப் பார். இப்பதான் எழும்பிப் போனவை."

"எங்க போனவை?"

"சாப்பிட."

மயூரி அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டி, "இவையும் சாப்பிடவோ?" என்று கேட்பாள். அக்காவும் சலிக்காமல், "இவை மாப்பிள்ளைப் பகுதி, முதல் பந்தி," "இவை பஸ்ஸுக்குப் போட்டினம்," என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் கதவடியில் அவளைக் கூப்பிட வந்து, கூப்பிடாமல் நின்ற நாட்கள் உண்டு.

ஊரில் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போன கையோடு வீடு கூட்டமாட்டார்கள். கூட்டினால் போனவர் திரும்பி வரமாட்டார் என்று ஒரு பயம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். இங்கே வந்து வக்கியூம் கிளீனர் வாங்கிய பிறகும் சுகந்தி அதை விடவில்லை. யாராவது விமான நிலையத்துக்குப் போனால், கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுத்தான் அதன் வயரைச் செருகுவாள். மற்றவர்களுக்கு அது பொறுத்திருக்கிற கொஞ்ச நேரம். அக்கா அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே குடியிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அதை நம்பித்தான் செய்தாரா? கேட்டதில்லை. கேட்டாலும் பிடி கொடுத்திருக்கமாட்டார். ஒரு கண்காட்சியில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி பெரியதொரு சாம்பல்நிற ஓவியத்தின் முன்னால் நின்று, குரலைத் தாழ்த்திப் பிரெஞ்சில் கேட்டாள், இது உங்கள் நாட்டுப் போரில் காணாமல் போனவர்களா என்று. அக்கா ஓவியத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லை, அது மெத்தை," என்றார். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். திரும்பி வரும்போது மெற்றோவில் என்னிடம் சொன்னார்: "எல்லாத்துக்கும் சண்டையையே காரணம் சொல்ல வேணும்? நான் சின்னனிலையும் இப்பிடித்தான். அம்மா என்னை விசரி எண்டுதான் சொல்லுறவ." அதற்குப் பிறகு வெகுநேரம், எதிர் இருக்கையிலிருந்து இறங்கிப் போனவர் விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் கோயில் மண்டபத்தைத் திருத்திக் கட்டியபோது, சுவருக்கு ஒரு படம் தாருங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். வெள்ளைத் தாமரையில் சரஸ்வதி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். வந்தது ஆளுயர மஞ்சள். மஞ்சளுக்குள் வரிசை வரிசையாக வெளிறிய திட்டுகள். கோயில் சபைத் தலைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று மாட்டிவிட்டார்கள்.

சில வாரங்களுக்குள் ஒரு மாமி அதில் அம்மனைக் கண்டுவிட்டார். "வடிவாப் பாருங்கோ, மூக்குத்தி மின்னுது!" என்று அவர் சொன்னதும், தெரியாதிருந்தவர்களுக்கும் தெரியத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை போனபோது படத்தில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. அடுத்த வெள்ளி, மாலை. அதற்கடுத்த வெள்ளி கற்பூரத்தட்டை அதன் முன்னாலும் ஒருமுறை சுற்றிக் காட்டினார்கள். கீழே பெயர் எழுதி வைக்கலாம் என்று யோசித்த தலைவர், அக்காவை அழைத்து எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"இது எந்த அம்மன் எண்டு சொன்னியள் எண்டா வசதி."

அக்கா மாலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அது அன்னதானப் பந்தி. சனம் சாப்பிட்டு எழும்பினாப்போலை கிடந்த பாய்."

பின்னாலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாமி மட்டும் அசையவில்லை. "சாப்பிட்டு எழும்பினது ஆர்? அம்மன்ர பிள்ளையள்தானே? பேந்தென்ன!"

அக்கா அதை உண்மையாகவே யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார். தன் ஓவியத்தில் பொட்டு வைத்ததற்குக் கோபப்படப்போகிறார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் கிட்டப் போய்ச் சந்தனத்தில் பதிந்திருந்த ரேகையைப் பார்த்து, "இது ஆரின்ர விரல்? நல்ல விரல்," என்று கமராவின் மூடியைத் திறந்தார். படம் அங்கேயே இருக்கிறது, பொட்டோடும் மாலையோடும்.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். நான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

மயூரி பதினெட்டு வயதில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரிக்குப் போய்வந்தாள். மொன்ட்ரியால் ஒரு தீவு. நாங்கள் அதன் வடகரை என்றால் அது மேற்கு நுனி. பஸ், மெற்றோ, திரும்பவும் பஸ். நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். பிந்தினால் ஜன்னலடியில் நிற்பேன். ஆனால் அந்தக் குளிர்காலம் அவள் ஒருநாளும் பிந்தவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய வகுப்புகளைப் பற்றிச் சொல்வாள். ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் உடைந்த கதை, முடி வெட்டிக்கொண்ட பேராசிரியரின் கதை.

மார்ச் கடைசியில் ஒருநாள், மத்தியானம், அவளுடைய கல்லூரித் தோழி வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். மயூரிக்கு என்ன வருத்தம், புதுவருடத்துக்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லையே என்று கேட்டாள். சுகந்தி என்னை அழைத்தாள். நான் வேலையிலிருந்து வந்தபோது மயூரியின் கைத்தொலைபேசி அவளுடைய கட்டிலில் கிடந்தது. அதை அவள் குளியலறைக்குப் போகும்போதுகூட விடுவதில்லை.

பொலிஸார் இருவர் வந்தார்கள். பதினெட்டு வயது, காலையில்தானே போயிருக்கிறாள் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். படம் கேட்டார்கள். அக்கா எடுத்த கடவுச்சீட்டுப் படத்தைக் கொடுத்தேன், சிரிக்காத முகம். அவர்கள் போன பிறகு நான் மயூரியின் அறையில் நின்றேன். என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. குனிந்து, கசங்கிக் கிடந்த படுக்கை விரிப்பை இழுக்கப் போனேன்.

"தொடாதேங்கோ."

வாசலில் அக்கா. பொலிஸ் காரைக் கண்டு இறங்கி வந்திருக்கிறார். சுகந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கோப்பா, ஒண்டையும் எடுக்காதேங்கோ, அப்பிடியே கிடக்கட்டும்," என்று சொல்லி விம்மத் தொடங்கினாள். அவள் ஏன் அழுகிறாள் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

அக்கா கட்டிலைப் பார்த்தபடியே சொன்னார்: "பிள்ளை போன மாசம் என்னட்டை ஒண்டு கேட்டவள். சனமில்லாத இடமெண்டா எங்கை அன்ரி போறனீங்கள் எண்டு. இல்-பிசார் படகுத்துறை, பனிக்காலத்திலை ஒரு குருவியும் வராது எண்டு நான்தான் சொன்னனான்." அவர் உதடு வெளுத்திருந்தது. "நான்தான் சொன்னனான் தம்பி."

அழைப்பு வந்தால் எடுக்கச் சுகந்தி வீட்டில் நின்றாள். நானும் அக்காவும் காரில் போனோம். அந்தப் பயணம் எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. வானமும் வீதியோரமும் ஒரே வெள்ளை. கண்ணாடியில் உப்புக்கறை. முன்னால் போகிற வண்டிகள் சத்தமில்லாமல் வெள்ளைக்குள் கரைந்து போய்க்கொண்டிருந்தன. அக்கா கமராவை மடியில், கைக்குழந்தையைப்போல வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ எரிந்தது. பாலத்தைத் தாண்டி இல்-பிசார் என்கிற சின்னத் தீவுக்குள் இறங்கியதும் வீடுகள் ஒன்றுக்கொன்று விலகத் தொடங்கின.

கோடையில் எதிர்க்கரையிலுள்ள லவாலுக்குப் படகு போகிற துறை அது. இப்போது குறுக்கே சங்கிலி கட்டியிருந்தது. முந்தின இரவு விழுந்த பனி அப்படியே கிடந்தது. கரையோரம் பனிக்கட்டி இன்னும் இறுகியிருக்க, நடுவில் ஆறு உடைந்து, கறுப்பாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் இல்லை.

பிறகு கண்டேன். கரைக்கு மேலே, மரத்தடியில், பனியில் ஒரு பள்ளம். ஆள் இருந்து எழும்பின பள்ளம். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. குதிகால்கள் ஊன்றிய இரண்டு குழிகள் ஆற்றுப் பக்கமாக இருந்தன. அவள் தண்ணீரைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள்.

நான் ஓடினேன். அந்தக் கை என் மார்பில் குறுக்கே வந்து விழுந்தது.

"மிதியாதேங்கோ!"

அந்தக் கணத்தில் அவரைத் தள்ளி விழுத்தியிருப்பேன். என் பிள்ளை ஆற்றில் கிடக்கிறாளோ என்று உயிர் துடிக்கிறது, இந்த மனிசிக்குப் படம். ஆனால் அவர் கமராவைத் தொடவில்லை. என் குளிரங்கியை இறுக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் காட்டினார்.

"உது வந்த அடி. இந்தா, இது போன அடி. ரோட்டுப் பக்கம் போகுது. தண்ணிப் பக்கம் ஒரு அடியும் இல்லை. வடிவாப் பாருங்கோ தம்பி. ஒரு அடியும் இல்லை."

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் பனி ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. நான் ஓடி மிதித்திருந்தால் அது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அடிகளின்மேல் கால் வைக்காமல், அவற்றுக்குப் பக்கத்தால் ஓடினேன். வீதிக்கு ஏறும் இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அக்கா பள்ளத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். இப்போது கமரா முகத்தில் இருந்தது. கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை.

வீதித் திருப்பத்தில் ஒரு தெப்பனேர், பாலும் பாணும் விற்கிற சின்னக் கடை. அடிகள் அதன் வாசலில் முடிந்தன. உள்ளே, சூடேற்றிக்குப் பக்கத்தில், கவிழ்த்த பால்பெட்டியில் மயூரி இருந்தாள். இரண்டு கைகளுக்குள்ளும் ஒரு கடதாசிக் கோப்பை. கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும், "நல்லது, வந்துவிட்டீர்களா," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ அடுக்கத் தொடங்கினாள்.

"ஸொறி அப்பா," என்றாள் மயூரி. "அவ ஃபோன் தந்தவ. வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கு. என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை," என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சுகந்திக்கு அழைத்தேன். மறுமுனையில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

அக்கா மெதுவாக நடந்து வந்து காரின் முன்னிருக்கையில் ஏறினார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்த மயூரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சூட்டுக்காற்று வருகிற துவாரத்தைப் பின்னிருக்கைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். வீடு வந்ததும் மேலே ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வைத்தியர்கள், மருந்துகள், நீண்ட வசந்தம். மயூரி மெல்ல மெல்லத்தான் மீண்டு வந்தாள். ஆற்றங்கரையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, கேட்கவேண்டாம் என்று வைத்தியரும் சொன்னார். நாங்கள் அங்கே என்ன பார்த்தோம் என்று நானும் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கம் ஊன்றியிருந்த அந்தக் குதிகால் குழிகள் என்னோடு தங்கிவிட்டன. இந்த ஊரில் எங்கே போவதென்றாலும் ஒரு பாலம் தாண்டவேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் என் கை ஸ்டியரிங்கில் இறுகுகிறது, இன்றைக்கும்.

அக்கா தேத்தண்ணிக்கு வந்துவிட்டு எழும்பினால், சுகந்தி அந்தக் கதிரையைப் பொழுதுபடும்வரை தொடமாட்டாள். நான் குஷனை நிமிர்த்தப் போனால், "கிடக்கட்டும் விடுங்கோ," என்பாள்.

பிறகு வீடு கைமாறியது. புது உரிமையாளர் திருத்தவேண்டும் என்று எல்லோரையும் வீட்டைவிட்டு எழுப்பினார். நாங்கள் லவாலுக்குப் போனோம். அக்கா கிழக்கே, ஆறு கடலாக விரிகிற பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனதாகச் சொன்னார்கள். தொலைபேசி குறைந்தது, பிறகு நின்றது. போன குளிர்காலத்தில் திடீரென்று ஒரு குறுஞ்செய்தி. கண்காட்சி நடக்கிற இடம், நேரம், பிறகு: "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ." வாங்கோ என்றில்லை. இப்போதெல்லாம் தன் கண்காட்சிகளில் அவர் நிற்பதில்லை என்று கேள்வி. எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகுதான் வருவாராம்.

மயூரி இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். சொன்னதும், "ஓம், போவம்," என்றாள். பழைய தையல் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடி. பெரிய ஜன்னல்கள், மதிய வெளிச்சம். நான்கைந்து பேர் கோப்பையோடு நின்றார்கள். கடைசிச் சுவரில் அது இருந்தது.

சுவர் நிறைந்த வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையாகவே ஒரு பள்ளம், விளிம்பில் மட்டும் நீலம். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் அடியிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்தது, சூடு இன்னும் போகாததுபோல. எங்களுக்கு முன்னால் நின்ற இருவர் கூடு என்றும் மேகம் என்றும் பேசிக்கொண்டு நகர்ந்தார்கள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் கண் படத்தில் நிற்கவில்லை. அதன் ஓரத்துக்கு ஓடி ஆற்றின் கறுப்பைத் தேடியது. ஓரம்வரைக்கும் வெள்ளைதான். இவளை இங்கே கூட்டி வந்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஏதாவது சாட்டுச் சொல்லித் திரும்பலாம் என்று வாயெடுத்தேன்.

"அப்பா, இது நான்," என்றாள் மயூரி. சின்னப் பள்ளத்தைக் காட்டினாள். "இது என்ர பை."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"நீங்களும் அந்த இடத்துக்குப் போனனீங்களே?"

"ஓம். அக்காவும் நானும்."

அவள் கையை நீட்டி, படத்துக்கு வெளியே, வெறும் சுவரைத் தொட்டாள். "ஆறு இஞ்சாலை இருந்தது. அவ கீறேல்லை."

"இல்லை. கீறேல்லை."

"நான் ஆத்தைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான் அப்பா. கனநேரம்."

இத்தனை வருடங்களாக நான் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்த கேள்விக்கு அவளாகவே வந்திருந்தாள். மெல்லக் கேட்டேன்.

"பேந்து?"

"பேந்து பின்பக்கம் விறைச்சுப் போச்சு," என்றாள். "எழும்பிட்டன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மயூரி என் கையை எடுத்துத் தன் குளிரங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.